‘கோப்பி மாதிரி, ஆனால் படபடப்பு இல்லை’: தியாக்ரின் டப்பாவை வாங்குமுன் ஆதாரத்தைப் பார்ப்பது எப்படி?

கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலேயே யாராவது ஒரு அண்ணை மூன்று வாக்குறுதி கொடுத்துவிடுவார். “தம்பி, இது கோப்பி மாதிரித்தான் வேலை செய்யும். ஆனா கை நடுங்காது, நெஞ்சு படபடக்காது. உடம்புக்குப் பழகியும் போகாது.” அவர் காட்டும் டப்பா அநேகமாகக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாரோ ஒரு மச்சானின் சூட்கேசில் வந்திருக்கும். இல்லையென்றால் கொழும்பிலிருந்து கூரியரில் வந்திருக்கும். சாமம் சாமமாக விழித்திருந்து படிக்கும் ஏ.எல். பிள்ளைகளின் காதிலும் இதே கதை விழத்தான் செய்கிறது.

பொருளின் பெயர் தியாக்ரின். ‘டீக்ரின்’ என்ற வணிகப் பெயரிலும் காண்பீர்கள். சீனாவின் யுன்னான் பக்கத்தில் குடிக்கும் குசா என்ற கசப்புத் தேயிலையிலும், கொக்கோவுக்கு உறவுக்கார மரமான அமேசன் காட்டுக் குபுவாசுவிலும் இது இயற்கையாகவே உண்டு. டப்பாவுக்குள் வருவது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் செய்த அதே மூலக்கூறு. கோப்பியில் உசார் தரும் பொருளான கஃபீனின் வேதிப்பெயர் 1,3,7-டிரைமெதில்சாந்தைன். தியாக்ரினுக்கு 1,3,7,9-டெட்ராமெதில்யூரிக் அமிலம். ஒரே குடும்பம், வேறு வேறு வீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியாக்ரின் எடுத்தால் ‘உசாராக இருப்பதுபோல இருக்கிறது’ என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ‘கூடுதலாகத் தூக்கினேன், வேகமாக யோசித்தேன்’ என்பதற்கு ஆதாரம் மெலிவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், அடுத்த வருடம் வேறு பெயரில் வரப்போகும் டப்பாவையும் நீங்களே நிறுத்துப் பார்க்கலாம்.

படி 1: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்துப் பொடியெழுத்தில் தேட வேண்டியவை மூன்று: தியாக்ரின் எத்தனை மில்லிகிராம், கஃபீன் எத்தனை மில்லிகிராம், ஒரு கரண்டி என்று அவர்கள் சொல்வது எத்தனை கிராம்.

பல டப்பாக்களில் ‘எனர்ஜி பிளென்ட் 1,200 மில்லிகிராம்’ என்று ஒரே வரியில் எழுதி, அதற்குக் கீழே ஏழெட்டுப் பொருளின் பெயரை அடுக்கிவிடுவார்கள். எது எவ்வளவு என்று இராது. அந்த வகையை அப்படியே திரும்பக் கொடுத்துவிடுங்கள். அதில் கஃபீன் 100 மில்லிகிராமா 400 மில்லிகிராமா என்று கண்டுபிடிக்க வழியில்லை. விலை ஸ்டிக்கர் சரியாகக் கஃபீன் வரிக்கு மேலேயே ஒட்டியிருப்பதும் உண்டு. நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சிறு பொலித்தீன் பைகளில் பிரித்துக் கட்டிய வெள்ளைத்தூளை யார் தந்தாலும் வாங்க வேண்டாம். சுத்தக் கஃபீன் தூளில் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 3,200 மில்லிகிராம் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்கின்படி, சுகதேகியான ஒரு பெரியவருக்கு ஒரு முழு நாளுக்கே 400 மில்லிகிராம்தான் எல்லை. ஒரே தடவையில் என்றால் 200.

படி 2: உங்கள் தேத்தண்ணிக் கணக்கைப் போடுங்கள்

இதை எவரும் செய்வதில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் சாயத்தைப் பொறுத்து 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் கோப்பி என்றால் 60, 70 வரும். 250 மில்லிலீற்றர் எனர்ஜி டிரிங்க் ஒன்றில் சாதாரணமாக 80. விடிய ஒரு பால்தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, பின்னேரம் வடையோடு இன்னொன்று என்று குடிப்பவர் டப்பாவைத் திறக்க முன்னமே நூறைச் சுற்றியோ தாண்டியோ நிற்கிறார். டப்பாவில் இருப்பதை இதன்மேல் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

படி 3: மூளைக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

நாள் முழுக்க நரம்புக் கலங்கள் வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய வாங்கிகளில் (கலங்களில் அதை ஏற்கும் இடங்களில்) போய் அமர்ந்ததும் நரம்புகளின் வேகம் குறைகிறது, நித்திரை தூங்குகிறது. கஃபீன் செய்வது நம்மூர் பஸ்ஸில் ஜன்னலால் லேஞ்சியைப் போட்டு சீற் பிடிக்கும் வேலை. அடினோசின் வருகிறது, இடமில்லை, நிற்கிறது. கஃபீன் எழும்பிப் போனதும் நின்றவர்கள் எல்லாரும் ஒரேயடியாக அமர்வார்கள். கோப்பி இறங்கும்போது அடித்துப்போட்டதுபோல வரும் களைப்பு அதுதான். கஃபீன் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை, களைப்பின் செய்தியைத்தான் தடுத்து வைக்கிறது.

தியாக்ரினும் இதே வழியில் போகிறது என்பதற்கான முக்கியச் சான்று 2012இல் வெளிவந்த ஒரு எலி ஆய்வு. தியாக்ரின் கொடுத்த எலிகள் கூடுதலாக ஓடித்திரிந்தன. அடினோசின் வாங்கிகளைத் தூண்டும் மருந்தை முன்கூட்டிக் கொடுத்தபோது அந்த ஓட்டம் குறைந்தது. டோபமின் என்ற இன்னொரு மூளைப்பொருளின் வாங்கிகளை அடைத்தபோதும் குறைந்தது. ஆக, அடினோசின், டோபமின் என்ற இரண்டு பாதையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஏழு நாள் தொடர்ந்து கொடுத்தும் விளைவு மங்கவில்லை. ‘பழகிப்போகாது’ என்ற வாக்குறுதியின் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஐந்து வருடம் முந்திய, 2007ஆம் ஆண்டு எலி ஆய்வொன்று நேர் எதிராகச் சொல்கிறது. அதில் தியாக்ரின், நித்திரை மருந்து கொடுத்த சுண்டெலிகளின் நித்திரையை நீட்டியது. ஒரே பொருள் ஓரிடத்தில் ஓட வைக்கிறது, ஓரிடத்தில் உறங்க வைக்கிறது. விற்பவர் இந்த இரண்டாவதைச் சொல்லமாட்டார். சொல்லாமல் விடுவதும் ஒரு விளம்பரம்தான்.

படி 4: எலியா, மனிசரா? எவ்வளவு கொடுத்தார்கள்?

2012 ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 24 அல்லது 48 மில்லிகிராம், அதுவும் வயிற்றறைக்குள் ஊசியாக. 60 கிலோ ஆளுக்கு 48ஐ நேரே பெருக்கினால் 2,880 மில்லிகிராம் வரும். ‘பார், இது மனிதருக்குப் பொருந்தாது’ என்று சிலர் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். அதுவும் பிழை. எலியின் உடல் எரிவேகம் கூடுதல் என்பதால் மருந்தியலில் எலி அளவை ஏறத்தாழ 6.2ஆல் பிரித்துத்தான் மனித அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்படிப் பார்த்தால் 230, 460 மில்லிகிராம் அளவில் வருகிறது. டப்பா அளவான 100 முதல் 300 வரையில் இருந்து பெரிய தூரமில்லை. ஆகவே எலி ஆய்வு தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘நடக்கக்கூடும்’ என்பதற்கு அது போதும், ‘நடக்கிறது’ என்று சொல்ல மனிதரிடம் பார்த்தாக வேண்டும்.

படி 5: எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். வாங்குவதா விடுவதா என்பது இங்கேதான் தீரும்.

மனிதரிடம் செய்த முதல் ஆய்வுகளில் 200 மில்லிகிராம் தியாக்ரினை ஒரு தரமும், உருவத்தில் அதேபோன்ற மாவுக்குளிசையை இன்னொரு தரமும் கொடுத்தார்கள். எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. நல்ல முறை. பிறகு ஒரு கோட்டைக் காட்டி ‘உங்கள் உசார் எவ்வளவு? களைப்பு எவ்வளவு?’ என்று அடையாளமிடச் சொன்னார்கள். தியாக்ரின் நாளில் உசார் கூடியும் களைப்பு குறைந்தும் காட்டியது. ஆட்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஒரு சின்ன ரியூசன் வகுப்பு.

உணர்வைக் கேட்பது தவறில்லை. ஆனால் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டால் ஒன்றிரண்டின் பதில் தற்செயலாகவே மாவுக்குளிசை நாளின் பதிலிலிருந்து விலகி நிற்கக்கூடும். அதோடு, கோப்பி என்று சொல்லிக் கஃபீன் நீக்கிய கோப்பியைக் கொடுத்தாலே பலருக்கு உசார் வருவது பழைய செய்தி.

செயலை அளந்தபோது என்ன நடந்தது? 2015இல் இருபது இளைஞர் யுவதிகளுக்குத் தியாக்ரின் கலந்த ஒரு சப்ளிமென்ட், கஃபீன், மாவுக்குளிசை மூன்றையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, எண்களைத் தொடுப்பது, குறிகளை மாற்றி எழுதுவது போன்ற சோதனைகள் வைத்தார்கள். கவனமாக இருப்பதுபோல, உசாராக இருப்பதுபோல என்ற உணர்வுகளில் சப்ளிமென்ட் கொஞ்சம் முன்னே நின்றது. சோதனைப் புள்ளிகளில் மூன்றுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சாமத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்குத் தேவையான பதில் இந்த ஒரு ஆய்விலேயே பாதிக்கு மேல் இருக்கிறது.

ஜிம் பொடியன்களுக்கான ஆய்வு 2019இல் வந்தது. எடைதூக்கிப் பழகிய பன்னிரண்டு ஆண்கள். 300 மில்லிகிராம் தியாக்ரின், 300 மில்லிகிராம் கஃபீன், இரண்டிலும் 150 வீதம் கலந்தது, மாவுக்குளிசை என நான்கையும் நான்கு தரம் எடுத்தார்கள். பலம், தாக்குப்பிடித்தல், வேகபலம் மூன்றில் ஒன்றிலும் தியாக்ரின் மேலே போகவில்லை. அதே ஆய்வில் கஃபீனும் மேலே போகவில்லை. கஃபீன் உடற்பயிற்சிக்கு ஓரளவு கைகொடுக்கும் என்று ஏராளமான ஆய்வுகள் சொல்லியிருக்க, இங்கே அதுவும் தெரியாமல் போனதென்றால் பன்னிரண்டு பேர் என்பது சிறு வித்தியாசத்தைப் பிடிக்கப் போதாத வலை என்றும் வாசிக்கலாம். எப்படி வாசித்தாலும் ‘தியாக்ரின் பலத்தைக் கூட்டும்’ என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை.

படி 6: கூடவே என்ன கலந்திருந்தது?

2022இல் அமெரிக்காவில் பாதுகாப்புப் பணியாளர்களிடம் செய்த ஆய்வொன்றை விளம்பரங்களில் அடிக்கடி காட்டுவார்கள். 300 மில்லிகிராம் கஃபீனை ஒரு பக்கம் வைத்து, 150 கஃபீன், 100 மெதில்லிபெரின் (இதே குடும்பத்து இன்னொரு பொருள்), 50 தியாக்ரின் கலந்த கலவையை மறுபக்கம் வைத்தார்கள். விழிப்போடு காத்திருந்து சட்டென்று எதிர்வினை காட்டும் சோதனையில் கலவை, இரட்டிப்புக் கஃபீனுக்குச் சமமாக நின்றது. குருதியமுக்கத்தை அது அந்தளவுக்கு ஏற்றவுமில்லை.

நல்ல முடிவுதான். ஆனால் அதில் தியாக்ரின் 50 மில்லிகிராமின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியாது. 150 மில்லிகிராம் கஃபீன் தனியாகவே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யக்கூடியது. சந்தையில் உள்ள டப்பாக்களில் பெரும்பாலானவை இப்படியான கலவைகளே. ‘தியாக்ரின் எடுத்து நல்லா இருந்தது’ என்று நண்பர் சொன்னால், கஃபீன் எவ்வளவு என்று கேளுங்கள். பாதிக் கேள்விகள் அதோடு தீரும்.

படி 7: காசு யாருடையது, எத்தனை நாள் பார்த்தார்கள்?

தியாக்ரின் பாதுகாப்பானது என்று காட்ட அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு 2016இல் வந்தது. அறுபது பேர், எட்டு வாரம், நாளுக்கு 200 அல்லது 300 மில்லிகிராம் அல்லது மாவுக்குளிசை. இதயத்துடிப்பு, குருதியமுக்கம், குருதிச் சோதனைகள் எதிலும் கவலைப்படும்படியான மாற்றம் இல்லை, விளைவு மங்கியதாகவும் தெரியவில்லை என்றார்கள். இந்த வகை ஆய்வுகள் பலவற்றுக்குக் காசு கொடுத்தது அந்தப் பொருளை விற்கும் நிறுவனமே. அதனால் பொய் என்று ஆகிவிடாது. விற்பவர் காசு போடாவிட்டால் இதை ஆராய வேறு யார் வரப்போகிறார்கள்? ஆனால் தராசில் ஒரு தட்டில் அதையும் வைத்துப் பாருங்கள். எட்டு வாரம், சுகதேகிகள் அறுபது பேர் என்ற வேலிக்குள்தான் அந்தப் ‘பாதுகாப்பு’ நிற்கிறது. பிறசர் உள்ள நாற்பத்தைந்து வயது அண்ணை அந்த வேலிக்கு வெளியே.

நீங்களே பார்க்க விரும்பினால் பப்மெட் என்ற இலவசத் தளத்தில் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். கைப்பேசியிலேயே ஆகும். ஆய்வுச் சுருக்கத்தில் எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, கட்டுரையின் அடியில் பணம் தந்தவர் யார் என்ற பகுதிக்கு நேரே போங்கள்.

படி 8: மணிக்கூட்டை வைத்து ஒரு கணக்கு

விற்பவர் மட்டுமல்ல, எடுப்பவர்களும் தவறவிடுவது இது. எட்டுப் பேரிடம் 2017இல் செய்த ஆய்வொன்றில் தியாக்ரினின் அரை ஆயுள், அதாவது குருதியில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சுமார் 16 முதல் 26 மணித்தியாலம் வரை இருந்தது. கஃபீனுக்கு இது சுமார் ஐந்து மணித்தியாலம்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஜிம்முக்குப் போகுமுன் 200 மில்லிகிராம் கஃபீன் எடுத்தால் இரவு பத்துக்கு 100, விடியப்புறம் மூன்றுக்கு 50, மறுநாள் பின்னேரம் ஐந்துக்குப் பத்துக்கும் கீழே. அதே நேரம் 200 மில்லிகிராம் தியாக்ரின் எடுத்து, அரை ஆயுளை 20 மணி என்று வைத்தால், மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் 100 ஆகிறது. ஐந்து மணிக்கு அடுத்த கரண்டி போடும்போது உள்ளே இன்னும் 87 இருக்கிறது. தினமும் இப்படியே போனால் ஒரு வாரத்துக்குள், கரண்டி எடுத்த கையோடு உடம்பில் இருப்பது சுமார் 350 மில்லிகிராமில் போய் நிற்கும். நீங்கள் எடுப்பதாக நினைப்பது 200.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கஃபீனோடு சேர்த்து எடுத்தபோது குருதியில் தியாக்ரின் கூடியது, கஃபீனின் அளவில் அப்படி மாற்றம் வரவில்லை. தேத்தண்ணி குடிக்கும் ஊரில் இதை மறக்கக் கூடாது.

படி 9: வீட்டிலுள்ள குளிசைகளைப் பாருங்கள்

தொய்வுக்குத் தியோபிலின் எடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது கஃபீனின் நெருங்கிய இனம். மேலே கஃபீன் கலவை போட்டால் நெஞ்சிடியும் நடுக்கமும் கூடலாம். சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லியும் கர்ப்பத்தடைக் குளிசையும் கஃபீன் உடம்பை விட்டுப் போவதைத் தாமதமாக்குபவை. கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள். தியாக்ரின் டப்பாவை அவர்கள் தொடவே வேண்டாம். இதய வருத்தம், பிறசர், வலிப்பு, பதற்ற நோய் உள்ளவர்களும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அப்படியே. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு பாமசியில் கேட்டால் ஐந்து நிமிட வேலை.

‘இயற்கையானது’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். 2011 உலகக் கிண்ணத்தின்போது இலங்கைத் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு மூன்று மாதத் தடை வாங்கியது, தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தொன்றில் ஸ்டீரொய்ட் இருந்ததால்தான். போட்டிகளில் ஓடும் பிள்ளைகள் ஊர்பேர் தெரியாத டப்பாவில் கைவைப்பது மடத்தனம்.

அப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால்

தியாக்ரின் மட்டும் உள்ளதை, அளவு தெளிவாக எழுதியதைத் தேர்ந்தெடுங்கள். 100 மில்லிகிராமில் தொடங்குங்கள், காலையில் மட்டும். அன்று தேத்தண்ணியைக் குறையுங்கள். முதல் நாளே வேறெந்தப் புதுச் சப்ளிமென்ட்டோடும் சேர்க்க வேண்டாம், எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு கொப்பியில் நித்திரைக்குப் போன நேரம், எழும்பிய நேரம், தூக்கிய எடை இவற்றை எழுதுங்கள். ‘நல்லா இருந்தது’ என்று எழுத வேண்டாம். இரண்டு கிழமை எடுத்து, இரண்டு கிழமை விட்டுப் பாருங்கள். எண்கள் மாறவில்லையென்றால் அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

நெஞ்சு தாளம் தப்பி அடித்தால், நெஞ்சு நொந்தால், நிற்காத வாந்தியோ வலிப்போ வந்தால் வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோய், எத்தனை கரண்டி எத்தனை மணிக்கு என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் நிற்கிறா என்று எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.